பிள்ளைகள் கோட்டை வரையும்போது

கோட்டை வரையச் சொன்னால் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் வரைகிறார்கள். நடுவில் உயரமாக ஒரு கோபுரம், இரு பக்கமும் அதைவிடச் சற்றுக் குட்டையாக இரண்டு கோபுரங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் கூம்புக் கூரை, கூம்பின் நுனியில் கொடி. வகுப்பறை கிள்ளானில் இருந்தாலும் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் இருந்தாலும் படம் மாறுவதில்லை. எந்தக் கோட்டையையும் நேரில் பார்த்து வந்த படமல்ல இது. டிஸ்னி திரைப்படங்களின் தொடக்கத்தில் தோன்றும் அரண்மனையைப் பார்த்து வந்தது. 1955இல் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தின் அரண்மனைக்கு முன்மாதிரியாக இருந்தது ஜெர்மனியின் பவேரியாவில் உள்ள நொய்ஷ்வான்ஸ்டைன். மன்னன் இரண்டாம் லூட்விக் அதைக் கட்டத் தொடங்கியது 1869இல். ரயிலும் நவீன பீரங்கியும் வந்துவிட்ட காலம் அது. எந்தப் படையையும் தடுக்கும் நோக்கம் அந்த மாளிகைக்கு இல்லை. அதன் தோற்றத்தை வரைந்து கொடுத்தவர் கிறிஸ்டியான் யாங்க் என்ற நாடக மேடை ஓவியர். உலகக் குழந்தைகள் மனத்தில் இடைக்காலக் கோட்டையாகப் பதிந்திருப்பது, உண்மையில் ஒரு பத்தொன்பதாம் நூற்றாண்டு நாடகத் திரைச்சீலைதான்.

மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் காட்சிக் கலைக் கல்வி என்ற பாடம் நான்கு துறைகளாகப் பிரிகிறது: படம் வரைதல், தோரணியும் வடிவமைப்பும், உருவங்களை உருவாக்கிக் கட்டுதல், பாரம்பரியக் கைவினை. கோட்டை முதல் மூன்றிலும் எளிதாக இடம்பிடிக்கும் பொருள். சதுரம், செவ்வகம், உருளை, கூம்பு ஆகிய நான்கு வடிவங்கள் தெரிந்த பிள்ளை கோட்டையைத் தொடங்கிவிடலாம். குதிரையையோ மனித முகத்தையோ வரையத் தயங்கும் பிள்ளைகூடக் கோட்டைக்கு உடனே பென்சிலை எடுக்கிறது. ஆசிரியர்கள் இதை விரும்புவதற்கு இதுவே முதல் காரணம். பாடம் கெட்டுப்போவதற்கும் இதே எளிமைதான் காரணம். ஆசிரியர் கரும்பலகையில் படிப்படியாக வரைகிறார், பிள்ளைகள் பார்த்து வரைகிறார்கள், அரை மணி நேரத்தில் முப்பது ஓவியத்தாள்களில் ஒரே கோட்டை முப்பது முறை எழும்புகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் பேரங்காடிகளில் அடிக்கடி நடக்கும் வண்ணம் தீட்டும் போட்டிகளும் இந்தப் பழக்கத்தை வளர்க்கின்றன. அங்கே கோடு ஏற்கெனவே அச்சாகி இருக்கும். எண்ணெய்க் கிரயோனை எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்கு இழைக்க வேண்டும் என்ற வாய்பாடும் பயிற்சி வகுப்பில் மனப்பாடம் ஆகியிருக்கும். கை பழகுகிறது என்பது உண்மைதான். கண்ணுக்கு அங்கே வேலை குறைவு.

இதற்கு மாற்று வழி, வரையும் முன் ஒவ்வொரு பகுதியையும் சுட்டி "இது எதற்கு?" என்று கேட்பது. கோட்டையின் எந்த உறுப்பும் அழகுக்காக வந்ததல்ல. காரணம் தெரிந்த உறுப்பு சரியான இடத்தில், சரியான அளவில் தாளில் வந்து அமர்ந்துவிடும். திருக்குறளின் அரண் அதிகாரம் கோட்டைக்கு வேண்டியவையாக உயரம், அகலம், உறுதி, எளிதில் நெருங்க முடியாமை ஆகிய நான்கையும் சொல்கிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது. ஐரோப்பியக் கோட்டைகளைக் கட்டியவர்கள் மனத்தில் வைத்திருந்ததும் இதே நான்குதான்.

1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியர்கள் முதலில் எழுப்பியவை கல் கோட்டைகள் அல்ல. மண்ணைக் குவித்து ஒரு குன்று, அதன் மேல் மரக் கோபுரம், கீழே மரவேலி சூழ்ந்த ஒரு முற்றம். அவ்வளவே. ஐந்து வயதுப் பிள்ளையும் இதை வரைந்துவிடும். முதல் பாடத்தை இங்கிருந்து தொடங்குவது நல்லது. மரம் எரியும், உளுக்கும் என்பதால் பிறகு கல் வந்தது. இலண்டன் கோட்டையின் நடுவிலுள்ள வெள்ளைக் கோபுரத்தின் வேலை 1070களில் தொடங்கியது. ஏறத்தாழ 27 மீட்டர் உயரமும், அடியில் நாலரை மீட்டர் வரை தடிமனும் கொண்ட சுவர்கள் அதற்கு. இந்தத் தடிமனைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வகுப்பறைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு கோடுகளை நாலரை மீட்டர் இடைவெளியில் போட்டு, நடுவில் நடக்கவிட வேண்டும்.

மதிலின் மேல் விளிம்பில் வரும் பற்களைப் பிள்ளைகள் தவறாமல் வரைகிறார்கள். ஆனால் அவை தாளில் கோலப்பொட்டு அளவில்தான் வரும். பல் எதற்கு என்று கேட்டால் படம் மாறுகிறது. மதில் மேல் ஒரு நடைபாதை இருக்கிறது. அங்கே நிற்கும் வில்லாளி அம்பு எய்தபின் பல்லுக்குப் பின்னால் மறைந்துகொள்வான். இரண்டு பற்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தின் வழியாக எய்வான். எனவே பல் ஓர் ஆள் உயரம் இருந்தாக வேண்டும். இது புரிந்ததும் அளவுச் சிக்கல் முழுவதும் தீர்ந்துவிடுகிறது. முதலில் மதில் மேல் ஒரு வீரனை வரையச் சொல்வது, அவன் உயரத்துக்குப் பல், பல்லைப் போல ஐந்து ஆறு மடங்கு மதில், மதிலைவிட உயர்ந்த கோபுரம் என்று அந்த ஒரு மனிதனை வைத்தே மற்றதை எல்லாம் அளப்பது. கோபுரத்தின் பாதி உயரத்துக்கு ராஜா நிற்கும் படங்கள் இந்தப் பயிற்சிக்குப் பிறகு குறைகின்றன. பற்கள் ஒரே சீராக வர அடிக்கோல் தேவையில்லை. ஒரு காகிதப் பட்டையை நான்கைந்து முறை சமமாக மடித்து, விரித்து, மடிப்புக் கோடுகளைத் தாளில் குறித்துக்கொண்டு, ஒன்று விட்டு ஒன்று நிரப்பினால் போதும்.

சன்னல்களுக்கும் இதே விதி. கீழ்த்தளத்தில் சன்னல் வைத்தால் எதிரி அதன் வழியாக ஏறிவிடுவான். ஆகவே அடிச்சுவரில் ஒன்றும் இருக்காது. அதற்கு மேல் அம்பு எய்வதற்கான கீறல்கள். வெகு உயரத்தில்தான் வெளிச்சம் வரும் அளவுக்குத் திறப்பு. வெளியிலிருந்து பார்த்தால் கோடு போலத் தெரியும் அம்புத்துளை உள்பக்கம் அகன்று விரியும். வில்லாளி இடமும் வலமும் நகர்ந்து குறிபார்க்க அந்த இடம் வேண்டும். அகழி, தூக்குப்பாலம், மேலிருந்து இறங்கும் கிராதிக் கதவு, வாயிலின் இருபுறமும் கோபுரம் ஆகியவை பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்தவை. அதிகம் விளக்கத் தேவையில்லை. தூக்குப்பாலத்தின் சங்கிலி எங்கிருந்து இழுக்கப்படுகிறது என்று மட்டும் கேட்டால் போதும்.

கோபுரம் சதுரமா, வட்டமா என்ற கேள்விதான் வகுப்பைச் சூடேற்றுவது. அதற்குரிய கதை தென்கிழக்கு இங்கிலாந்தின் ராச்செஸ்டர் கோட்டையில் இருக்கிறது. 1215இல் மன்னன் ஜானை எதிர்த்த பிரபுக்கள் அந்தக் கோட்டையைப் பிடித்து உள்ளே இருந்துகொண்டார்கள். மன்னனின் ஆட்கள் மையக் கட்டடத்தின் ஒரு மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட மேலே இருக்கும் சுவர் விழாதபடி மரத்தூண்களை முட்டுக் கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் கொழுத்த பன்றிகள் நாற்பதை அனுப்பும்படி மன்னனிடமிருந்து கட்டளை போனது. பன்றிக் கொழுப்பைச் சுரங்கத்தில் இட்டுத் தீ மூட்டினார்கள். முட்டுத்தூண்கள் எரிந்து சரிய, அவற்றோடு கோபுரத்தின் ஒரு மூலை இடிந்து விழுந்தது. மன்னன் ஜானுக்குப் பிறகு அந்த மூலையைத் திரும்பக் கட்டியவர்கள் சதுரமாகக் கட்டவில்லை, வட்டமாகக் கட்டினார்கள். சதுரத்தின் கூர்மூலை தோண்டுபவனுக்கு வசதியானது. மதில் மேலிருந்து காவல் காப்பவனுக்கு அந்த மூலையின் அடி கண்ணுக்கும் படாது. வட்டத்தில் அந்தக் குறை இல்லை. இன்றும் ராச்செஸ்டரில் மூன்று சதுர மூலைகளும் ஒரு வட்ட மூலையும் ஒரே கட்டடத்தில் நிற்கின்றன. "மூன்று சதுரம், ஒரு வட்டம்" என்று தலைப்புக் கொடுத்து ஒரு வகுப்பு முழுவதையும் இந்தக் கோட்டைக்கே விடலாம். செவ்வகத்துக்குப் பக்கத்தில் உருளையை நிறுத்தி, நிழல் ஒன்றில் பட்டென்று மாறுவதையும் மற்றதில் மெல்ல மெல்ல மாறுவதையும் காட்ட இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை.

இந்தப் பாடங்களை எல்லாம் படப்புத்தகத்தை வைத்தே நடத்தலாம். ஆனால் கோலாலம்பூரும் கிள்ளானும் ஆசிரியருக்கு ஒரு விசித்திரமான வசதியைத் தருகின்றன. இங்கே கோட்டை போலத் தோன்றும் கட்டடங்கள் கோட்டைகள் அல்ல. உண்மையான கோட்டை கோட்டை போலத் தோன்றாது.

மெர்டேக்கா சதுக்கத்துக்கு எதிரே உள்ள சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தை எடுத்துக்கொள்ளலாம். 1894இல் தொடங்கி 1897இல் முடிந்த கட்டடம். ஏ. சி. நார்மன், ஆர். ஏ. ஜே. பிட்வெல், ஆர்தர் பெனிசன் ஹப்பக் ஆகியோர் அதன் வடிவமைப்பில் பங்கெடுத்தவர்கள். நடுவில் சுமார் 41 மீட்டர் உயர மணிக்கூண்டு. அதன் இரு பக்கமும் சற்றுக் குட்டையான இரண்டு கோபுரங்கள். அவற்றினுள் சுழல் படிக்கட்டு. மூன்றுக்கும் செம்பு வேய்ந்த குமிழ்க்கூரை. பிள்ளைகள் வழக்கமாக வரையும் கோட்டையின் அமைப்பு அப்படியே இங்கே நிற்கிறது, கூம்பு இருக்க வேண்டிய இடத்தில் குமிழ் இருப்பது தவிர. ஆனால் தரைத்தளத்தைப் பார்த்தால் முழு நீளத்துக்கும் வளைவு வளைவாகத் திறந்த தாழ்வாரம். எந்த எதிரியும் குனியாமல் உள்ளே போகலாம். வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் ஊரில் அரசு அலுவலர்கள் நனையாமல் நடக்கக் கட்டியது அது. கோட்டையின் அடிச்சுவரில் திறப்பே இருக்காது என்று முந்தைய வகுப்பில் படித்த பிள்ளைகள் இதைப் பார்த்ததும் தாங்களே சொல்லிவிடுவார்கள், இது கோட்டையல்ல என்று.

அதன் சுவர்களுக்கு ஏறத்தாழ 40 லட்சம் செங்கற்கள் தேவைப்பட்டன. சிவப்புச் செங்கல், இடையிடையே வெள்ளைச் சாந்துப் பட்டை என்ற அதன் வரிகள் தோரணி வரைதலுக்கு நல்ல பயிற்சி. செங்கல் என்றதும் பிரிக்பீல்ட்ஸ் நினைவுக்கு வரும். 1881இல் தீயும் வெள்ளமும் அத்தாப்புக் கூரை வேய்ந்த கோலாலம்பூரை அழித்தபின், நகரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் திரும்பக் கட்ட உத்தரவிட்டார் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பிராங்க் சுவெட்டன்ஹம். அதற்கான சூளைகள் பெருகிய இடம்தான் பிறகு ரயில்வேத் தமிழர்களின் குடியிருப்பாகவும் ஆனது. செங்கற்கள் வரிசைக்கு வரிசை மூட்டு விலகி அடுக்கப்படுவதைப் பிள்ளைகள் கவனிப்பதில்லை. சதுரக் கட்டம் போட்டுச் சுவர் என்று நீட்டுவார்கள். பள்ளிக்கூடத்திலேயே பூச்சு உதிர்ந்த ஒரு சுவர் இருந்தால் அதை ஐந்து நிமிடம் பார்க்கவைப்பது, கரும்பலகையில் வரைந்து காட்டுவதைவிட நல்லது.

பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகளுக்கு நடக்கும் தொலைவில் உள்ளது பழைய கோலாலம்பூர் ரயில் நிலையம். 1910இல் திறக்கப்பட்ட இதை வடிவமைத்தவரும் ஹப்பக்தான். அதற்கு முந்தைய ஆண்டு அவர் கட்டிய ஜாமெக் பள்ளிவாசலும், கிள்ளானில் உள்ள சுல்தான் சுலைமான் கட்டடமும் திறக்கப்பட்டிருந்தன. ரயில் நிலையத்தின் வெள்ளை முகப்பை நேரில் வரைவதானால் எங்கிருந்து தொடங்குவது என்று பெரியவர்களே திகைப்பார்கள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்து, முதலில் நீண்ட செவ்வகத்தை மட்டும் போட வேண்டும். அடுத்து, கூரை மேல் நிற்கும் சிறு மண்டபங்கள் வானத்தில் ஏறும் இடங்களைச் சிறு கோடுகளால் குறிக்க வேண்டும். அந்த மண்டபம் ஒவ்வொன்றுக்கும் கால்கள், மேலே ஒரு குமிழ், உச்சியில் ஓர் ஊசி. ஒன்றை வரையத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் திரும்பச் செய்வதுதான். கடைசியில்தான் வளைவுகள். குதிரை லாடம் போல நடுவில் அகன்று அடியில் சற்றுக் குறுகும் வளைவும், நுனி கூரான வளைவும் இங்கே கலந்து வருகின்றன. ஐரோப்பியக் கோட்டையின் வளைவு வேறு மாதிரி என்பதைப் பக்கத்தில் ஒரு படம் வைத்துக் காட்டினால், இரண்டையும் பிள்ளைகள் இனிக் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். இந்த மண்டபங்களிலும் காவலர் நிற்பதில்லை. வட இந்தியாவின் முகலாய, ராஜபுத்திரக் கட்டடங்களிலிருந்து பிரிட்டிஷார் எடுத்துவந்து ரயில் நிலையத்தின் தலையில் வைத்த அலங்காரம் அது.

தமிழர் உழைப்போடு இன்னும் நெருங்கிய உறவுள்ள 'கோட்டை' பேராக்கில், பத்து காஜாவுக்கு அருகே இருக்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1915இல் கட்டத் தொடங்கிய கெல்லி மாளிகை அது. வேலைக்கு மதராஸிலிருந்து எழுபது கைவினைஞர்களை வரவழைத்தார். நச்சுக் காய்ச்சல் பரவி அவர்களில் பலர் இறந்தார்கள். தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டபடி மாரியம்மன் கோவில் ஒன்றை அருகிலேயே எழுப்பினார் ஸ்மித். அந்தக் கோவிலின் மேல்தளச் சிலைகளிடையே அவர் உருவமும் நிற்கிறது. 1926இல் லிஸ்பனில் அவர் இறந்துபோக மாளிகை முடியாமலே நின்றுவிட்டது. வகுப்பில் இதன் படத்தைக் காட்டினால் கிடைக்கும் பயன் வேறு: பூச்சு முழுமையாகாத சுவர்களில் செங்கல் வெளியே தெரிவதால், ஒரு கோபுரம் எப்படி எழும்புகிறது என்பதைப் பார்க்க முடிகிறது. பிள்ளைகள் பாதி கட்டிய கோட்டையை, சாரமும் ஏணியும் ஆட்களுமாக, மிக விருப்பத்தோடு வரைகிறார்கள். பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் கெடெலோன் என்ற இடத்தில் 1997 முதல் பதின்மூன்றாம் நூற்றாண்டு முறைப்படியே ஒரு கோட்டையைக் கட்டிவருகிறார்கள். சாரக்கட்டைகளைச் செருகச் சுவரில் விட்ட சிறு சதுரத் துளைகளை அதன் படங்களில் வரிசையாகப் பார்க்கலாம். பழைய கோட்டை ஓவியத்தில் நாலைந்து துளைகளை வைத்துவிட்டாலே கட்டிய கை தெரிந்துவிடும்.

உண்மையான கோட்டைக்குக் கிள்ளானுக்குத்தான் போக வேண்டும். கிள்ளான் ஆற்றை நோக்கிய மேட்டில் இருந்தது ராஜா மகாடியின் கோட்டை. ஈய வணிகத்தின் வரி யாருக்கு என்ற சண்டையில் 1867இல் தொடங்கிய சிலாங்கூர் உள்நாட்டுப் போரின்போது, ராஜா அப்துல்லாவின் தரப்பிடமிருந்து கிள்ளானைப் பிடித்து அதை வைத்திருந்தவர் ராஜா மகாடி. 1870இல் சுல்தானின் மருமகன் துங்கு குடின் அவரை வெளியேற்றினார். எதிர்த்தரப்பினர் 1857இல் கட்டிய பண்டகசாலையான கெடோங் ராஜா அப்துல்லா இன்னும் கிள்ளானில் இருக்கிறது. கோட்டை என்ற பெயரில் இன்று கண்ணில் படுவது ஒரு நுழைவாயிலும் மேட்டு நிலமும்தான். அங்கே அழைத்துச் செல்லப்படும் பிள்ளைகளின் முதல் கேள்வி, கோட்டை எங்கே என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வியில்தான் பாடம் இருக்கிறது. மண்ணை அணைத்துக் கட்டிய அரண் அது. மேடு, ஆறு, ஆற்றில் வரும் படகை முன்கூட்டியே பார்க்கும் கண் ஆகிய மூன்றும்தான் அதன் மதில். பீரங்கிக் குண்டு உயரமான கல்சுவரை உடைத்துவிடும். மண் குண்டை விழுங்கிக்கொள்ளும். அதனால்தான் ஐரோப்பாவிலும் பீரங்கி வந்த பிறகு கோபுரங்கள் குட்டையாகி, சுவர்கள் அகன்று சாய்ந்தன. இந்தக் கோட்டையை வரைய வேண்டுமானால் கட்டடத்தை விட்டுவிட்டு நிலத்தை வரைய வேண்டும். தாளின் கீழ்ப்பகுதியில் வளையும் ஆறு, நடுவில் எழும் மேடு, மேட்டின் முடியில் மரவேலி.

கோல சிலாங்கூரின் மலாவாத்தி குன்றிலும் இதேதான். சுல்தான் இப்ராகிமின் கோட்டையை 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்து ஆல்டிங்பர்க் என்று பெயர் வைத்தார்கள்; அடுத்த ஆண்டே சுல்தான் மீட்டுக்கொண்டார். கடலைப் பார்த்தபடி பீரங்கிகள் இன்னும் நிற்கின்றன. பிள்ளைகள் பீரங்கியைவிட அங்குள்ள வெள்ளிக்குரங்குகளையே அதிகம் வரைவார்கள் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே ஏற்றுக்கொள்வது நல்லது. மலாக்காவில் போர்த்துகீசியர் 1511இல் கட்டத் தொடங்கிய ஆ பமோசாவில் மட்டும் ஐரோப்பியக் கோட்டைக்குரிய உயர்ந்த மையக் கோபுரம் ஒன்று இருந்தது. 1807இல் பிரிட்டிஷார் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்ததில் எஞ்சியது சந்தியாகு வாயில் ஒன்றே. இருக்கும் வாயிலைப் பார்த்து வரைந்து, இல்லாத மதிலையும் கோபுரத்தையும் அதன் இருபுறமும் ஊகித்து நீட்டுவது மேல் வகுப்புகளுக்கு ஏற்ற பயிற்சி.

மலேசியத் தமிழர் பலரின் முன்னோர் புறப்பட்டு வந்த அன்றைய வட ஆற்காடு, தென் ஆற்காடு மாவட்டப் பகுதிகளிலேயே இரண்டு பெரிய கோட்டைகள் உள்ளன. வேலூர்க் கோட்டை சமதரையில் அகழி சூழ நிற்பது. 1806இல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த இடம். செஞ்சி மலைமேல் நிற்பது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதில் ஒன்றாக வளைத்துக் கட்டுகிறது. முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுத்தான் அதைப் பிடிக்க முடிந்தது. 2025இல் மராத்தியக் கோட்டைகளின் தொகுதியில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சியும் இடம்பெற்றது. வரைபவருக்கு இவ்விரண்டும் இருவேறு பாடங்கள். வேலூருக்கு அடிக்கோடு நேராகப் போகும். செஞ்சியில் மதில் பாறைமேல் ஏறி இறங்குவதால் பற்களும் படிக்கட்டு போல ஏறி இறங்கும்.

எந்த வயதில் எதைக் கேட்பது என்பதற்குக் கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் வெளியிட்ட நூலில் வகுத்த படிநிலைகள் இன்றும் ஆசிரியர்களுக்கு உதவுகின்றன. ஏழு முதல் ஒன்பது வயது வரை பிள்ளைகள் தாளின் அடியில் ஒரு தரைக்கோடு போட்டு எல்லாவற்றையும் அதன்மேல் நிறுத்துவார்கள். சுவர் கண்ணாடி ஆனது போல உள்ளே இருப்பவரையும் வரைவார்கள். முற்றத்தைச் சுற்றியுள்ள நான்கு மதில்களையும் நான்கு திசையில் சாய்ந்து விழுந்தவை போலப் போடுவார்கள். இவற்றைத் தவறு என்று திருத்தும் ஆசிரியர்கள் உண்டு, திருத்தக் கூடாது. முகலாயப் பேரரசர் அக்பரின் வரலாற்று நூலான அக்பர்நாமாவுக்காக 1590களில் தீட்டப்பட்ட சித்தூர் முற்றுகை ஓவியத்தில் மதிலை ஒரு கோணத்திலும் கூடாரங்களை வேறொரு கோணத்திலும் பார்க்கிறோம். சுரங்கம் வெடித்து மதில் சிதறுவதும் அதே படத்தில் தெரிகிறது. ஓவியர் மிஸ்கினாவுக்கு அனுமதித்ததை எட்டு வயதுப் பிள்ளைக்கு மறுக்க வேண்டியதில்லை. ஒன்பது, பத்து வயதானதும் பிள்ளைகளே தங்கள் படம் 'நிஜம் போல இல்லை' என்று குறைப்படத் தொடங்குவார்கள். தூரத்துக் கோபுரம் சிறிதாகவும் பக்கத்துக் கோபுரம் அதை மறைத்தும் வருவதைச் சொல்லித்தர அதுவே சரியான தருணம்.

கண்ணாடிச் சுவர் ஆசையைப் பாடமாகவே மாற்றிவிடலாம். டேவிட் மெக்காலே 1977இல் வெளியிட்ட கோட்டை பற்றிய படநூல், வேல்ஸில் கற்பனையான ஒரு கோட்டை கட்டப்படுவதைத் தொடக்கத்திலிருந்து கோட்டோவியமாகக் காட்டுகிறது. அந்த முறையில் கோட்டையை நடுவே வெட்டி உள்ளே இருப்பதை வரையச் சொன்னால், அடியில் தானியக் கிடங்கு, கிணறு, அதற்கு மேல் சமையற்கட்டு, பெரிய கூடம், உச்சியில் பிரபுவின் படுக்கையறை என்று பிள்ளைகள் ஒரு மணி நேரம் தலைநிமிர மாட்டார்கள். கழிவறை எங்கே என்று யாராவது ஒரு பையன் கேட்பது உறுதி. மதிலுக்கு வெளியே துருத்தி, அடியில் துளை விட்டு, நேரே அகழியில் விழும்படி கட்டினார்கள் என்ற பதில் வகுப்பை வெகுநேரம் சிரிக்கவைக்கும்.

வண்ணம் என்றால் கோட்டைக்குச் சாம்பல் நிறம் என்பது பிள்ளைகளின் முடிவு. பல கோட்டைகள் சுண்ணாம்பு பூசி வெள்ளையாக நின்றவை; இலண்டன் வெள்ளைக் கோபுரத்தின் பெயரே அப்படி வந்தது. கல்சுவரை வரைய எளிய வழி, வெள்ளை எண்ணெய்க் கிரயோனால் கல் மூட்டுகளை அழுத்தி வரைந்து, மேலே நீர்த்த பழுப்பையும் சாம்பலையும் தூரிகையால் இழுப்பது. கிரயோன் பட்ட இடத்தில் நீர்வண்ணம் ஒட்டாமல் விலகி, மூட்டுகள் தாமாகத் தெளியும். எல்லாக் கல்லையும் வரைய வேண்டியதில்லை. மூலையில் சில, வாயிலுக்கு மேல் சில, நடுச்சுவரில் ஆங்காங்கே இரண்டு மூன்று இருந்தால் மிச்சத்தைப் பார்ப்பவர் கண் நிரப்பிக்கொள்ளும்.

கட்டும் பாடத்துக்கு மைலோ டின், காகிதத்தாள் சுருளின் அட்டைக் குழாய், காலணிப் பெட்டி ஆகியவை போதும். கூம்புக் கூரைதான் பிள்ளைகளுக்குத் தகராறு. அரைவட்டத் தாளைக் கச்சாங் பூத்தே மடிக்கும் காகிதக் கூம்பு போலச் சுருட்டினால் வந்துவிடும்; முழு வட்டத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதால்தான் கூம்பு பிரிகிறது. கூரையின் விளிம்பு கோபுரத்தைவிடச் சற்று வெளியே நீண்டால், மழைநீர் சுவரில் வழியாமல் விழும் என்பதைச் சொன்னால் அந்த அளவும் சரியாக வரும்.

மதிப்பிடும்போது கோடு நேரா, வண்ணம் வெளியே போகவில்லையா என்று மட்டும் பார்த்தால் வண்ணப்போட்டியில் பழகிய பிள்ளையே ஒவ்வொரு முறையும் முதலில் வரும். வீரன் பல்லுக்குப் பின்னால் மறைய முடியுமா, அடிச்சுவரில் சன்னல் இருக்கிறதா, அகழியைத் தாண்ட வழி இருக்கிறதா, வட்டக் கோபுரத்தில் நிழல் மெல்ல மாறுகிறதா என்று கேட்டால் வரிசை மாறும். கூம்பும் கொடியும் வரைந்த பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்கத் தேவையில்லை. பிரெஞ்சுக் கோட்டைகள் பலவற்றில் கூம்புக் கூரை உண்மையாகவே இருந்தது. ஓவியங்களைச் சுவரில் ஒட்டும் முன், தன் கோட்டையை எந்தப் பக்கத்திலிருந்து தாக்கினால் பிடிக்கலாம் என்று ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு வரி தமிழில் எழுதி அடியில் ஒட்டச் சொல்லலாம். அந்த இரண்டு வரியை எழுத உட்காரும்போதுதான் பல பிள்ளைகள் தங்கள் கோட்டைக்குப் பின்புறம் என்று ஒன்று இருப்பதைக் கவனித்து, இன்னொரு தாள் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.